மிச்சமான வாஷர்

யாருக்குமே தெரியப் போவதில்லை என்றால், முடித்த வேலையை மறுபடி பிரிப்பீர்களா? அவசரப்பட்டு 'ஆமாம்' சொல்லிவிடாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

நண்பர் ஒருவர் தன் அப்பாவின் அம்பாசிடரை விற்க முடிவு செய்தார். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அந்த வண்டியின் உற்பத்தி 2014-ல் உத்தரபாராவில் நின்றுபோனது. விற்கும் முன் ஆயில் கசிவைச் சரிசெய்துவிடலாம் என்று, வயதான மெக்கானிக் ஒருவரை வைத்து வீட்டு போர்ட்டிகோவிலேயே இன்ஜினை இறக்கிவிட்டார். பி.காம். படித்த எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்.

இன்ஜினுக்கும் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கும் (சம்ப் என்கிறார்கள்) நடுவில் கார்க் கேஸ்கெட். கசியுமோ என்ற பயத்தில் போல்ட்டை ஓவராக முறுக்கினால் கார்க் பிதுங்கி உடையும். அப்புறம்தான் நிஜமாகவே கசியும். பசையை அள்ளி அப்பினாலும் வம்பு. வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவது? காய்ந்து உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் கிடைக்காமல் பேரிங் போய்விடும். "எதுவும் அளவா இருக்கணும் தம்பி" என்றார் மெக்கானிக்.

கடைசி நாள் சாயங்காலம். செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்குகிறது. இறக்கி ரப்பர் மவுன்ட்டில் உட்கார வைப்பதுதான் பாக்கி. தொங்கும் இன்ஜினுக்கு அடியில் விரலைக்கூட நீட்டக்கூடாது என்று ஏற்கெனவே இரண்டு முறை திட்டு வாங்கியிருந்ததால், தள்ளி நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஸ்பிரிங் வாஷர்!

மூன்று பேரும் பார்த்தோம். சல்லடையைப் பிடிக்கும் போல்ட்டின் அளவு. கழற்றிப் போட்ட பழசாக இருக்கலாம். மாட்ட மறந்ததாகவும் இருக்கலாம். மறுநாள் காலை வண்டி வாங்க ஆள் வருகிறார்.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. 'இங்கே ஏதோ இடிக்கிறது' என்று எழுதி வைக்கிறோமே! மூடிய இன்ஜினில் அதை எங்கே எழுதுவது?

"பழசாத்தான் இருக்கும்ண்ணே" என்றார் நண்பர். நானும் தலையாட்டினேன். பசி வேறு. நாளைக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. ஆனால், தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு இல்லையா? முதலாவது தானாக நடக்கிறது. இரண்டாவதை நாம் யோசித்துச் செய்கிறோம்.

மெக்கானிக் வாதாடவில்லை. இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போய் பழைய டயர் மேல் இறக்கினார்.

"இன்னொரு கேஸ்கெட் இருக்கா தம்பி?"

"ஞாயித்துக்கிழமை, கடை இல்லைண்ணே."

"அப்ப நாளைக்குத்தான். அவருக்கு போனைப் போடுங்க."

பிரித்தோம். எல்லா வாஷரும் அதனதன் இடத்தில் இருந்தன. மிச்சமானது பழசுதான். ஒரு நாள் வீண் என்றார் நண்பர். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த ஆள் வந்தார். பெயின்ட்டைத் தட்டிப் பார்த்தார். ஹார்ன் அடித்தார். சீட் கவர் புதுசா என்று கேட்டார். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்!