"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே!"

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஓர் ஆடி மாதம், நாக்பூர் வரைக்கும் காரில் போனோம். வண்டிக்குள் அதிகம் அடிபட்ட பேச்சு இதுதான்: "இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே!"

எங்கெங்கே அதைச் சொன்னோம் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். முப்பந்தல் காற்றாலைகள் தாண்டி குமரியின் பச்சை முடிந்ததும் ஒரு தடவை. கோவில்பட்டிப் பக்கம், வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்து ஒரு தடவை. ஆந்திராவின் அனந்தபூரில் பல தடவை. மதுரை தாண்டி வாடிப்பட்டியில் மட்டும் யாரும் சொல்லவில்லை. நெல்வயலைக் கண்டதும் கார்க் கண்ணாடி இறங்கியது, செல்போன்கள் வெளியே வந்தன. இயற்கை அழகாம்!

அந்தப் பச்சையில் இயற்கையின் பங்கு பாதிதான். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வாடிப்பட்டி வயலில் நிற்பது அந்தத் தண்ணீர்.

அனந்தபூரின் பெரும்பகுதிக்கு அப்படி ஒன்று நெடுநாள் அமையவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு மிச்சம்மீதியோடு வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையோ அந்த ஊர் வரைக்கும் முழுதாக எட்டுவதில்லை. வருஷத்துக்குச் சுமார் 55 செ.மீ. மழை, அதை நம்பித்தான் செம்மண்ணில் நிலக்கடலை போடுகிறார்கள். கிருஷ்ணா நதியின் நீர் ஹந்த்ரி–நீவா கால்வாய் வழியாக அந்த மாவட்டத்தின் சில பகுதிகளுக்கு வந்ததெல்லாம் 2012க்குப் பிறகு. வழியெங்கும் குவிந்து கிடக்கும் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. அவற்றைப் பார்த்துத்தான் 'ஒண்ணுமே இல்லை' என்றோம்.

ஆக, எந்த ஊருக்கு வாய்க்கால் வெட்டினார்கள், எந்த ஊரை விட்டுவிட்டார்கள் என்பதைத்தான் அழகு, வறட்சி என்று பெயர் வைத்து ரசித்துக்கொண்டும் முகம் சுளித்துக்கொண்டும் போயிருக்கிறோம். மனிதர்களை எடைபோடும்போதும் நாம் செய்வது இதுதானே என்று தோன்றுகிறது. செழிப்பாக இருப்பவனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் 'ஒண்ணுமே இல்லை' என்ற கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் கிராமம் இந்தச் சாலையோரத்திலேயே இருக்கிறது. கடந்துபோக ஒரு நிமிஷம் ஆகாது. அங்கே பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அந்தக் கரிசல் மக்களின் பேச்சிலிருந்து ஓர் அகராதியே தொகுத்தார். 'ஒண்ணுமே இல்லாத' ஊரில் ஓர் அகராதிக்கான சொற்கள் இருந்திருக்கின்றன.

கோதாவரியைக் கடந்து, நிர்மல் பக்கத்துத் தேக்குக் காடு முடிந்து அதிலாபாத் வந்ததும் மறுபடி கரிசல், மறுபடி பருத்தி. "நம்ம கோவில்பட்டி மாதிரியே இருக்கு" என்றார் நண்பர். நிறம் ஒன்றுதான், பிறப்பு வேறு. தக்காணக் கரிசல் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது. கோவில்பட்டிக் கரிசலுக்கடியில் எரிமலைப் பாறை கிடையாது. இதெல்லாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் தெரியாது. நான்குவழிச் சாலையின் குணம் அப்படி: எல்லா ஊரையும் பைபாஸில் ஒதுக்கிவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுங்கச்சாவடியைக் காட்டும்.

அடுத்த முறை உங்கள் வண்டியில் யாராவது "இங்கே ஒண்ணுமே இல்லையே" என்றால், பைபாஸை விட்டு இறங்கி ஊருக்குள் போங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் கையை நீட்டித் திசை காட்டுவார்கள்.