பக்கவாத்தியத்தின் பெயர்

மயிலாப்பூர் சபா கச்சேரி விமர்சனத்தில் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. பாடகரைக் கொண்டாடினாலும் கிழித்தாலும், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று ஒரு வரியாவது வந்துவிடும். புது ராப் சிங்கிள் வந்த அன்றே நாம் எழுதும் விமர்சனங்களில் பெரும்பாலும் அது இல்லை. பீட் செம, ஃப்ளோ சுமார், ஐந்துக்கு மூன்றரை. முடிந்தது.

பெயர் போடுவது மரியாதைதானே, அதில் என்ன பெரிய அறம் என்று கேட்கலாம்.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இசை சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீ, அறிவு, வரிகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022இல், பாட்டு உருவானதில் யார் பங்கு என்ன என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் மாறிமாறி அறிக்கை விட்டார்கள்.

அந்தத் தகராறுக்குத் தீர்ப்பு சொல்வது விமர்சகர் வேலையில்லை. ஆனால் சினிமாப் பாட்டில் ஒரு கதாபாத்திரம் பேசுகிறது. ராப்பில் ‘நான்’ என்றால் பெரும்பாலும் அந்த ஆளேதான். அவரை எடுத்துவிட்டால் நிலமிழந்தவர்களின் கதை வெறும் ஹூக் ஆகிவிடும். தி.நகர் கல்யாண மண்டபத்தில் ஆடலாம். யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அதனால் யார் எழுதினது, யாரைப் பத்தி எழுதினது, இந்த ரெண்டையும் முதல் பத்தியிலேயே சொல்லிடுவோம். அப்புறம் பாட்டு மொக்கைன்னா மொக்கைன்னே எழுதலாம்.