இரக்கத்தினால் பொய் எழுதலாமா?

நான் இராணுவ ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை பார்த்தவன். சத்தம் புகாத சின்ன அறையில் வீரனை உட்கார வைத்து, ஹெட்போனில் ஒவ்வொரு ஒலியாகக் கொடுப்பேன். கேட்டால் அவன் பொத்தானை அழுத்துவான். நான் ஆடியோகிராமில் புள்ளி வைப்பேன்.

துப்பாக்கி வெடிக்கும் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அது உட்காதிலுள்ள மெல்லிய மயிர்ச்செல்களை அழிக்கிறது. போனது திரும்ப முளைக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாய் இறங்கும். அப்படிப்பட்டவனுக்குப் பேசுகிற சத்தம் கேட்கும், வார்த்தைதான் பிடிபடாது.

ஒருநாள் பீரங்கிப் படை ஹவில்தார் ஒருவர் வந்தார், நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். கோடு ஆழமாய் இறங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, கேட்டகரி இறங்கினா என் புரமோஷன் போச்சு. ரெண்டு பொண்ணு இருக்கு. அந்தப் புள்ளிய கொஞ்சம் மேல தள்ளிப் போட்டுடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

என் உள்ளம் உருகிற்று. இரண்டு புள்ளிதானே, யாருக்கு நஷ்டம்? இரக்கம் காட்டுவது பாவமா?

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். "நிறுத்து" என்ற கட்டளை அவர் காதில் விழாமல் போனால், விலை கொடுப்பது நானல்ல, அவர் பக்கத்தில் நிற்கும் பையன்கள். மற்றவன் உயிரை எடுத்து நான் தர்மம் பண்ண முடியுமா? அவருக்கும் அது நன்மையல்ல. நல்ல காது என்று எழுதினால் மறுபடியும் பீரங்கியருகேதான் நிற்பார், மிச்சமும் போகும். பின்னாளில் ஊன ஓய்வூதியம் கேட்கவும் அந்தப் பதிவுதானே சாட்சி?

உள்ளதையே எழுதினேன். அதுவரை சரி. ஆனால் "ரூல்ஸ்படிதான் செய்ய முடியும் அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நான் யோசித்த காரணங்களில் ஒன்றைக்கூட அவருக்குச் சொல்லவில்லை. முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் நிதானமாய்ப் பேசியிருக்கலாம். காது மந்தமானவரிடம் எப்படிப் பேசவேண்டுமென்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்!

பொய் எழுதாததினால் நான் நீதிமான் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால்படியிட்டபோது, அவர் மெதுவாய் எழுந்துபோனதுதான் கண்முன் வந்தது. உண்மையைச் சொல்லுகிறவனுக்கு, அதைக் கேட்டவனோடு கூட உட்காருகிற கடமையும் உண்டு என்று அப்போதுதான் விளங்கிற்று.

நாமும் வீட்டிலும் சபையிலும் "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று எழுந்து போய்விடுகிறோமே. சொன்ன பிறகு எத்தனை நிமிஷம் கூட இருந்தோம்?