பாறையும் பிள்ளைகளும்

கல்யாண விருந்துகளில் மாமாக்கள் எழுந்து ஆடும் பழைய டிஸ்கோ பாட்டு ஒன்று உண்டு: போனி எம் 1978இல் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. அது பைபிளின் 137ஆம் சங்கீதம் என்பது எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. பாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால் ராத்திரி ஜெபத்துக்கு வாசிப்பது என் வேலை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எருசலேமை நினைத்து அழுகிறார்கள். அதுவரைக்கும் சரி. கடைசி வசனத்தில் நாக்கு நின்றுவிட்டது. பாபிலோனின் கைக்குழந்தைகளைப் பாறையில் அடித்துக் கொல்லப்போகிறவனை அது வாழ்த்துகிறது. டிஸ்கோ பாட்டு அந்த இடத்துக்குப் போவதே இல்லை.

"ஏன்டா நிறுத்திட்ட?"

சொன்னேன்.

"இருக்கிறத வாசி" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பாவ சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயி, அவரு திரும்பி வராதப்ப எங்கம்மா இப்படித்தான் வேண்டிக்கிட்டாங்க. ஜப்பான்காரன் பிள்ளைக்கும் இதே கதி வரணும்னு."

கிறிஸ்துவை நடுவில் வைத்துத்தான் பைபிளை வாசிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த வசனத்தில் அவரை எங்கே வைப்பது? அகுஸ்தீன் சுமார் 1,600 வருஷத்துக்கு முன்பே ஒரு வழி சொல்லிவிட்டார். குழந்தைகள் என்றால் மனசில் அப்போதுதான் பிறக்கும் தீய ஆசைகள். பாறை கிறிஸ்து. ஆசை வளர்வதற்குள் அவர்மேல் மோதி அழித்துவிடு. கெட்டிக்காரத்தனமான வாசிப்பு, ஒரே நொடியில் வசனம் பயமில்லாததாகிவிடுகிறது. எனக்கு இன்றுவரை அது ஒட்டவில்லை. கிறிஸ்து நடுவில் வந்தார், சரி. குழந்தைகள் காணாமல் போய்விட்டார்களே. பாட்டியின் அம்மாவும்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழியில் போனது. 1971இல் வெளிவரத் தொடங்கிய புதிய தினசரி ஜெபப் புத்தகத்தில் மூன்று சாபச் சங்கீதங்களை முழுதாக எடுத்துவிட்டார்கள். இந்த வசனத்தையும் எடுத்துவிட்டார்கள். இயேசுவே அப்படித்தானே செய்தார் என்று கேட்கலாம். லூக்கா 4இல், நாசரேத்து ஜெபாலயத்தில் ஏசாயாவை வாசிக்கிறவர், கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றிய இடம் வருவதற்குள் வாக்கியத்தின் நடுவிலேயே சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் ஏசாயாவை அறிந்தவர்கள் காதில் அந்த நிறுத்தம் விழுந்திருக்கும். அச்சிலேயே இல்லாவிட்டால் எது நிறுத்தப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். மத்தேயு 2இல் ஏரோதின் ஆட்கள் பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்ல வருகிறார்கள். அவர்கள் தேடி வருவதே இயேசுவைத்தான். அவரைப் பாறையாக வைக்காமல், அடிபடப்போகும் பிள்ளைகளில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வசனம் சாதுவாவதில்லை, இன்னும் பயங்கரமாகிறது. சபிக்கிறவன் தன் சாமியையே தூக்கி ஓங்குகிறான்.

ஆனால், புருஷன் வருவார் வருவார் என்று தோட்டத்து வீட்டு வாசலில் காத்திருந்த ஒருத்தியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சபித்தபோது கிறிஸ்து அவர் பக்கத்திலும்தானே இருந்திருக்க வேண்டும்? இரண்டு இடத்திலும் அவரை எப்படி வைப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பாட்டி என்ன நினைத்தாரோ. எப்போதும் சத்தமாக ஆமென் சொல்கிறவர் அன்று சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார்.