கல்பு எதற்காகக் காத்திருக்கிறது?

2022 டிசம்பர் 10, சனிக்கிழமை. குமாரபாளையத்தில் எங்கள் பள்ளிவாசலில் பஜ்ரு பாங்கு சொல்லி முடிந்த நேரம். காவிரிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒளுச் செய்ய உட்கார்ந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு வாலிபரைக் கண்டேன். தறிப் பட்டறையில் வேலை பார்ப்பவர், வயது 22. ஜும்ஆவிலும் பெருநாளிலும் மட்டுமே நம் கண்ணில் படுகிறவர். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன தம்பி, நைட் ஷிப்டா?" என்றேன்.

"இல்ல மாமு. மேட்ச் பார்த்தேன். அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும். முடியறப்பவே மூணு மணிக்கு மேல ஆயிடுச்சு. படுத்தா எந்திரிக்க மாட்டேன்னு பேசிக்கிட்டே உட்கார்ந்திருந்துட்டு நேரா இங்க வந்துட்டேன்."

தொழுகை முடிந்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் மட்டும் ஸஃப்பில் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக என்னிடம் நகர்ந்து வந்து கேட்டார்: "மாமு, இந்தப் போட்டிக்காக நான் மாசக்கணக்கா நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். பன்னிரண்டரை மணி ஆட்டத்துக்கு அலாரமே இல்லாம முழிப்பு வருது. பஜ்ருக்கு மூணு அலாரம் வச்சாலும் வர மாட்டேங்குது. ராத்திரி கடைசி நேரம் துஆ கபூலாகற நேரம்னு மதரஸாவுல படிச்சிருக்கேன். அந்த நேரம் முழுக்க நான் முழிச்சிருந்தேன், ஒரு துஆகூடக் கேட்கலை. அர்ஜென்டினா ஜெயிக்கணும்னு மட்டும் கேட்டேன். அப்ப என் கல்புல ஈமான் இருக்கா? நான் முனாஃபிக்கா மாமு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் ஏச்சாகவே இருந்தது. அதை அடக்கிக்கொண்டு, "ஹஜ்ரத்திடம் கேட்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வாலிபர்களின் கால்பந்து மோகத்தைப் பற்றி நம்மில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் ஏச்சில்தான் போய் முடிகிறது. குமாரபாளையம் கால்பந்துக்குப் பேர்போன ஊர் அல்ல. இங்கே கிரிக்கெட்டும் கபடியும்தான். ஆனால் 2022 உலகக் கோப்பை ஆட்டங்கள் கைப்பேசியில் கட்டணமில்லாமலே கிடைத்தன. போட்டி நடந்ததோ கத்தார் என்னும் முஸ்லிம் நாட்டில். தறிச் சத்தத்தின் நடுவேகூட மெஸ்ஸியின் பெயர் கேட்டது. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அது போய்ச் சேரும் கேரளத்திலோ கேட்கவே வேண்டாம். கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்தார்கள். அதைவிட உயரமாக நெய்மருக்கு ஒன்று எழுந்தது. பிறகு ரொனால்டோவுக்கும் ஒன்று. உலகக் கால்பந்துச் சம்மேளனமே அந்தப் படத்தை எடுத்து உலகத்துக்குக் காட்டியது.

அந்த நவம்பரிலேயே சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் குத்பா கமிட்டி ஓர் எச்சரிக்கை விடுத்தது. ரசனை ஆராதனையாகிவிடக் கூடாது, கட்அவுட்டுகளுக்குப் பணத்தைக் கொட்டுவது வீண்விரயம், ஆட்டத்துக்காகத் தொழுகையை விடுவது கூடாது, போர்ச்சுகல் போன்ற பழைய ஆக்கிரமிப்பாளர்களின் கொடியைத் தூக்கிக்கொண்டு திரிவது சரியல்ல என்பன அதன் கருத்துக்கள். எவரை ரசிப்பது என்பது அவரவர் சுதந்திரம் என்று அந்த மாநில அமைச்சர் ஒருவர் மறுத்துரைத்தார்.

தொழுகையைப் பற்றியும் வீண்விரயத்தைப் பற்றியும் அந்த உலமாக்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. போர்ச்சுகீசியர் மலபார் முஸ்லிம்களுக்கு இழைத்த கொடுமைகளை 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற அரபு நூலில் பதிவு செய்து வைத்தார்கள். அந்த வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் ரொனால்டோவின் சட்டையைப் போட்டுக்கொள்ளும் பையனின் மனதில் வாஸ்கோடகாமா இருக்கிறாரா என்றால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது கிடக்கட்டும். எங்கள் வாலிபர் கேட்டது வேறு கேள்வி. கட்அவுட் வைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. அவர் தொழுகைக்கு வந்துவிட்டார். வந்த பிறகும் அவருடைய கல்பு அவரை உறுத்தியது.

விளையாட்டைக் கண்டு களிப்பதே ஹராம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பெருநாளன்று மஸ்ஜிதுன் நபவியில் அபிஸீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அன்னைக்குப் போதும் என்று தோன்றும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையாக நின்றிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. பந்தயம் கட்டுவது சூதாட்டம். அது ஹராம் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

தோல்வியில் மனம் நோவதும் மனித சுபாவம்தான். நாயகம் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்ற ஒட்டகத்தை ஓட்டத்தில் எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்கு அது தாங்க முடியாத வருத்தமாயிற்று. உலகில் உயர்ந்தது எதுவாயினும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். டிசம்பர் 6-ல் ஸ்பெயினை வென்று மைதானத்திலேயே ஸுஜூதில் விழுந்தார்கள் மொராக்கோ வீரர்கள். அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் அரையிறுதி வரை வந்த முதல் அணி அதுதான். 14-ஆம் தேதி ஆட்டத்தில் அது பிரான்சிடம் தோற்றபோது, இஸ்லாமே தோற்றுவிட்டதுபோல எங்கள் தெருவில் சிலர் துக்கம் கொண்டாடினார்கள். அவர்களுக்கு அள்பாவின் கதையைத்தான் சொன்னேன்.

இனி ஹஜ்ரத் அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். அன்று லுஹருக்குப் பின் அந்த வாலிபரையும் அழைத்துக்கொண்டு போய்க் கேள்வியை வைத்தேன். ஹஜ்ரத் சிறிது நேரம் தலை குனிந்திருந்தார்கள். பிறகு அவரைப் பார்த்து, "தம்பி, இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நீயல்ல, ஹன்ளலா (ரலி) அவர்கள்" என்றார்கள்.

ஹன்ளலா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவர். ஒரு நாள் அபூபக்கர் (ரலி) அவர்களை வழியில் சந்தித்தபோது, தாம் முனாஃபிக்காகி விட்டதாகவே கூறினார்கள். காரணம் கேட்டதற்கு, நாயகத்தின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்ணெதிரே நிற்பதாகவும், வீட்டுக்குப் போனதும் மனைவி மக்கள், பிழைப்பு என்று கலந்து பெரும்பாலானதை மறந்துவிடுவதாகவும் சொன்னார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களோ, தமக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்! இருவரும் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். என் சபையில் இருக்கும் அதே நிலையில் நீங்கள் எப்போதும் இருந்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைலாகு கொடுப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

வாலிபரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஹஜ்ரத் உடனே விரலை உயர்த்தினார்கள். அந்த இன்னொரு நேரம் என்பது ஆகுமான காரியங்களுக்கான நேரமே. பாவத்துக்கு ஒதுக்கிய நேரமோ, பர்ளை விடுவதற்குக் கிடைத்த அனுமதியோ அல்ல என்று விளக்கினார்கள். அதோடு என் பக்கம் திரும்பி, "பாய், ஹன்ளலா (ரலி) அவர்களை மறக்கடித்தது எது, கவனித்தீர்களா? விளையாட்டு அல்ல. குடும்பமும் பிழைப்பும்" என்றார்கள்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று வாசகர்களிடம் மறைப்பானேன்? நான் சில தறிகள் வைத்திருப்பவன். நூல் விலை ஏறுமா, இறங்குமா என்று ஒரு வருடமாக என் மனம் அடித்துக்கொண்டிருந்தது. அஸருத் தொழுகையில் எத்தனையோ நாள், இரண்டாவது ரக்அத்திலா மூன்றாவதிலா என்று தெரியாமல் ஸஹ்வு ஸஜ்தாச் செய்திருக்கிறேன். அந்தப் பையனைப் பார்த்து ஏச நினைத்தேனே, அவனுக்கு மெஸ்ஸி என்றால் எனக்கு நூல் பேல். ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி ஆயத்தை ஹஜ்ரத் ஓதினார்கள். நாயகம் (ஸல்) அவர்களை நின்ற நிலையில் விட்டுவிட்டு வியாபாரத்தையோ வேடிக்கையையோ நோக்கி ஓடியவர்களைக் கண்டிக்கும் ஆயத்து அது. அன்று வணிகக் கூட்டம் வந்த செய்தி கேட்டு எல்லோரும் கலைந்துபோக, 12 பேர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அல்லாஹு தஆலா வேடிக்கையை மட்டும் சொல்லவில்லை. வியாபாரத்தை முதலில் சொல்லி, வேடிக்கையைப் பிறகு சொல்கிறான். நாமோ நம் பயான்களில் பின்னதைப் பிடித்துக்கொண்டு முன்னதை விட்டுவிடுகிறோம். பள்ளிவாசல் கமிட்டியில் வியாபாரிகள் அதிகம் என்பதாலோ என்னவோ!

வாலிபர் விடவில்லை. "அது சரிங்க ஹஜ்ரத். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள எதுமேல பிரியம் அதிகம்னு எனக்கே தெரியுதே?" என்றார்.

ஹஜ்ரத் இமாம் பைளாவி (ரஹ்) அவர்களின் விளக்கம் ஒன்றை எடுத்துச் சொன்னார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும்விட நாயகத்தை நேசிக்காதவரை ஈமான் நிறைவு பெறாது என்ற ஹதீஸுக்கு அவர்கள் தந்த விளக்கம் அது. அங்கே சொல்லப்படும் நேசம் சுபாவத்தில் எழும் நேசம் அல்ல, அறிவு தேர்ந்தெடுக்கும் நேசம். நோயாளிக்குக் கசப்பு மருந்தைக் கண்டால் குமட்டுகிறது. ஆனாலும் அறிவு அதை நாடுகிறது, கை அதை எடுக்கிறது. குமட்டுகிறதே, ஆகவே மருந்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவன் சொல்வானா? "மூணு மணிக்கு மேல் ஆட்டம் முடிந்ததும் நீ எங்கே வந்தாய் தம்பி?" என்று கேட்டார்கள் ஹஜ்ரத். அவர் பேசவில்லை.

இந்த விளக்கம் நல்ல விளக்கம்தான். ஆனால் நாம் இதிலேயே சுகமாக உட்கார்ந்துவிடவும் கூடாது. மருந்து எந்நாளும் கசந்துகொண்டே இருந்தால் நோய் குணமாகவில்லை என்றுதானே அர்த்தம்? ஆறு மாதம் முன்பிருந்தே ரமழானை அடைய வேண்டி துஆச் செய்த ஸலஃபுகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அல்லாஹ்வின் நிழலைப் பெறும் ஏழு பேரில் ஒருவர், கல்பு பள்ளிவாசலில் 'முஅல்லக்' ஆனவர், அதாவது அங்கேயே மாட்டித் தொங்கவிடப்பட்டவர். உடல் தறிக்குழியில் இருந்தாலும் அவர் மனம் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கும். அவர்களுக்குக் காத்திருப்பது இனித்ததே, எப்படி?

வெளியே வரும்போது நான் இதையே வாலிபரிடம் கேட்டேன்: "பந்தாட்டத்தில் அப்படி என்னதான் தம்பி இருக்கிறது?" அவர் சொன்ன பதில் இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை.

"முடிவு தெரியாது மாமு. அதான். சவூதி அரேபியா அர்ஜென்டினாவை ஜெயிக்கும்னு யார் நினைச்சா? நேத்து ராத்திரி ரெண்டுக்கு ரெண்டு ஆகி, பெனால்டி வரைக்கும் போச்சு. கடைசி உதை வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்குது. தொழுகையில அப்படி இல்லையே. தொழுதா முடிஞ்சுது."

தொழுதால் முடிந்தது! நம்மில் எத்தனை பேர் இதைச் சொல்லாமலே இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம்? உள்ளங்கள் நடுங்கிய நிலையில் கொடுப்பதைக் கொடுப்பவர்கள் என்று அல்முஃமினூன் அத்தியாயத்தின் 60-ஆவது ஆயத்தில் வருகிறது. மது அருந்துவோரும் திருடுவோருமா இவர்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பாவம் செய்தவன்தானே நடுங்க வேண்டும்? இல்லை, தொழுது, நோன்பு நோற்று, தர்மமும் செய்துவிட்டு, அது கபூலாகாமல் போய்விடுமோ என்று அஞ்சுபவர்களே இவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கமளித்தார்கள். திர்மிதியில் உள்ள செய்தி. அவர்களுக்கு முடிவு தெரியாது. ஸலாம் கொடுத்த பிறகும் அவர்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதனால்தான் அடுத்த பாங்கை எதிர்பார்த்தார்கள். நாமோ நம் தொழுகைக்கு நாமே கபூல் முத்திரை குத்திவிட்டு, நம் காத்திமா எப்படி அமையும் என்ற பெருங்கேள்விக்கும் நாமே சாதகமாக முடிவெழுதிக்கொண்டு, பாயைச் சுருட்டி எழுகிறோம். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தைப் பார்க்க யார்தான் இரவில் விழிப்பார்கள்?

இதை அந்த வாலிபரிடம் சொன்னபோது அவர், "அப்ப நீங்க நூல் விலைக்கு முழிச்சிருக்கறதும் அதுக்குத்தானா மாமு?" என்று கேட்டுவிட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான்.

அவர் அதற்குப் பிறகு தவறாமல் ஜமாஅத்துக்கு வந்தார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சில வாரம் வந்தார், சில வாரம் காணோம். 2026 உலகக் கோப்பையின் அட்டவணை வெளியானதும் அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாட்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். நடப்பது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் என்பதால் முதல் ஆட்டமும் இறுதி ஆட்டமும் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. பல ஆட்டங்கள் பின்னிரவிலும் பஜ்ரு வேளையிலும் வந்து விழுகின்றன. நடுவிலே முஹர்ரம் பிறந்து ஹிஜ்ரி 1448 தொடங்குகிறது. ஆஷூரா நோன்பும் வருகிறது. அச்சடித்த அந்தத் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக பஜ்ரு நேரத்தைப் பச்சைப் பேனாவால் அவர் எழுதி வைத்திருந்தார். ஆஷூரா அன்று ஒரு வட்டம்.

"ஸஹருக்கு எழுப்பிவிட என்னைக் கூப்பிட மாட்டாய் போலிருக்கே?" என்றேன்.

"நான் முழிச்சுத்தான் மாமு இருப்பேன். உங்களைத்தான் யாராச்சும் எழுப்பணும்" என்று சொல்லிவிட்டு, அறுந்துபோன இழையை முடிச்சுப் போடத் தறிக்குத் திரும்பினார்.