கம்ப்ளைண்ட் சொல்லாத பழுது

ஒர்க்‌ஷாப்பில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி, "என்ன சார் கம்ப்ளைண்ட்?" என்பது. நம் ஊரில் பழுதுபார்க்கும் தொழில் மொத்தமும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, பிக்கப் இல்லை, புகை வருகிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று உரிமையாளர் ஏதோ ஒன்றைச் சொல்கிறார். மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடிப் போகிறார். குறையைச் சொல்வது நம் பொறுப்பு, தீர்ப்பது அவர் பொறுப்பு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 20, 25 வருடம் ஓடிய காருக்கு இந்த ஏற்பாடு போதாது. பழைய காரை நாமே பராமரிக்க வேண்டுமா என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். காசு மிச்சமாகும் என்பார்கள், இல்லையென்றால் கைவேலையில் ஒரு சுகம் இருக்கிறது என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கடியில் போய்ப் படுப்பதற்கு இவை போதுமான காரணங்களாக எனக்குத் தெரியவில்லை. என் காரணம் வேறு. குறை சொல்லாத பழுது என்று ஒன்று உண்டு. அதைப் போய்ப் பார்க்க உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் அவசியம் கிடையாது.

எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. அது பெரும்பாலும் வாய் ஓயாமல் பேசும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளிர்பழுப்பாக இருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதா என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, வெளுப்பு என்றால் குறைவாகப் போகிறது, எண்ணெய் என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. ஆயில் மூடியின் அடியில் வெளிறிய நுரை படிந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். டாப்பெட் தளர்ந்தால் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இவ்வளவு பேசுகிற ஒன்றை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது எளிது. உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. மாருதி 800 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை, 30 ஆண்டுக்கு மேல் தயாரான கார். அதன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் இந்த நாட்டில் அரிது. 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரும் அப்படித்தான். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கினால் கிடைக்காதது கொஞ்சம்தான். ஆக, எஞ்சின் என்பது பெரும்பாலும் பணத்தால் தீர்கிற விஷயம். பழைய காரை உடைப்புக் கடைக்கு அனுப்புவதும் பல நேரம் எஞ்சின் அல்ல, துருதான்.

துருவுக்கு வேண்டியது மூன்றே பொருள்: இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன். உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். பெசன்ட் நகரிலோ திருவொற்றியூரிலோ நாகப்பட்டினத்திலோ ஜன்னல் கிரில்லுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அடியிலுள்ள உலோகத்தை மூடிக் காப்பாற்றுகிறது. இரும்பின் துரு அப்படிச் செய்வதில்லை. அது உப்பிப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைத் தண்ணீருக்குத் திறந்து காட்டிவிடும். தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் அவற்றை நெம்பிப் பிரிக்கிறது. வெளியே பெயின்டில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் தெரியும்போது, உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு போயிருக்கும். மாருதி 800 போன்ற கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள தகடுகளை மடித்து ஒட்டிய கூடுதான் அந்தக் கார். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தரை, தூண்கள் எல்லாம் சேர்ந்தே பாரம் தாங்குகின்றன. அவற்றில் ஒன்று அரித்துப்போனாலும் எஞ்சின் சத்தம் மாறாது, மைலேஜ் குறையாது. கார் வழக்கம்போல் ஓடும், மோதும் நாள் வரை.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் கதவுக்குள் போகக் கூடாது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் போகத்தான் செய்யும், போகட்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பட்டையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வடியும். வடிந்தது வெளியேறக் கதவின் அடி விளிம்பில் இரண்டு மூன்று சிறு துளைகள் விட்டிருப்பார்கள். புழுதியும் ரப்பர்த் துகளும் சேர்ந்து அந்தத் துளைகள் அடைபட்டால், ஒவ்வொரு மழைக்கும் கதவின் அடித்தகடு உள்ளிருந்து ஊறும். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் இதே கதைதான். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் சருகு அங்கே சேர்ந்து மக்கி, வடிகாலை அடைத்து, தண்ணீரைக் கால்வைக்கும் தரைக்கு அனுப்பும். மேட் நமத்த வாடை அடிக்கும். ஏசி தண்ணீர் என்று நினைத்து விட்டுவிடுவோம். இந்தத் துளைகளைத் திறக்கத் தேவையானது ஒரு துண்டுக் கம்பி. ஸ்பேனர்கூட வேண்டாம். கதவுக்கு ஒரு நிமிடம் ஆகலாம். செலவும் இல்லை, தனித் திறமையும் வேண்டாம். அப்படியும் ஏன் பல பழைய கார்களில் கதவின் அடிவிளிம்பே முதலில் போகிறது? அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று எந்தக் காரும் சத்தம் போடாததால்தான். கேட்காததைச் செய்வதற்குக் கூலி வாங்க முடியாது என்பதால் மெக்கானிக்கும் அங்கே கை வைப்பதில்லை.

எஞ்சினிலும் பேசாத பாகங்கள் உண்டு. டைமிங் பெல்ட் அறுந்த பிறகுதான் தெரியும். கூலன்ட் இன்னும் மோசம். பனி உறையும் நாட்டுச் சமாச்சாரம் அது, நமக்கெதற்கு என்று போர் தண்ணீரை ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் கூலன்டின் முக்கிய வேலை உறையாமல் காப்பதல்ல, அரிப்பைத் தடுப்பது. அதிலிருக்கும் தடுப்பு மருந்து காலப்போக்கில் தீர்ந்துபோகும். அதன்பின் எஞ்சினின் உள்சுவர் துருப்பிடிக்கத் தொடங்கி, ரேடியேட்டர் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறும். மூடியைத் திறந்து பார்த்தாலொழிய இதுவும் தெரியாது. எஞ்சின் குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். இங்கேதான் எஞ்சின் வேலையை நாமே செய்வதன் நிஜமான பயனைக் காண்கிறேன். மூன்று லிட்டருக்கும் குறைவான ஆயிலை நாமே மாற்றினால் மிச்சமாவது சில நூறு ரூபாய் கூலி. அதற்குப் பட்ட பாட்டைக் கணக்கிட்டால் நட்டம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆயில் வடியும் கால்மணி நேரம், கண்ணுக்கு நேரே காரின் வயிறு இருக்கிறது. தரைத்தகட்டின் மடிப்பு, சைலன்சர் தொங்கும் கொக்கி, பிரேக் குழாய் ஓடும் வழி எல்லாம் அப்போது தானாகவே பார்வைக்கு வந்துவிடுகின்றன. ஆயில் மாற்றுவது நம்மை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் ஒரு சாக்கு. நல்ல சாக்கு.

பயிற்சி இல்லாதவன் பிரித்தால் கெடுத்துத்தானே வைப்பான் என்பது அடுத்த கேள்வி. ஓரளவு சரி. பிரேக்கை, ஸ்டியரிங்கை, பாரம் தாங்கும் இடத்தின் வெல்டிங்கை வீட்டில் செய்யக் கூடாது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பது விஷப்பரீட்சை. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். ஆனால் நான் கேட்பது வைத்தியம் அல்ல, பார்வை. பார்த்ததில் மேலோட்டமான துருவாக இருந்தால் வைத்தியமும் எளியதே. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்ப்பது, எட்டாத குழிகளுக்குத் துருமாற்றித் திரவம் தடவுவது, காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் பெயின்ட். அந்தத் திரவங்களில் பலவற்றில் இருப்பது டேனிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கறுப்பான, நிலையான சேர்மமாகிறது. கருப்பூர் கலம்காரித் துணியின் கறுப்பும் இதே வேதியியல்தான். அங்கே கடுக்காய் தோய்த்த துணியும், வெல்லத்தில் ஊறவைத்த துருப்பிடித்த இரும்பும் சந்திக்கின்றன. வேறு சில திரவங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். 1600 ஆண்டாக நிற்கும் டெல்லி இரும்புத் தூண் அரிக்காமல் இருப்பதற்கு, இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸால் உண்டான மெல்லிய பாஸ்பேட் படலம் காரணம் என்று ஐஐடி கான்பூரின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். இவ்வளவு பழைய அறிவு ஒரு சிறு பாட்டிலில் கிடைக்கிறது. நாமோ பட்டி வாங்குகிறோம். துருவின் மேலேயே பட்டியைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, எஃப்.சி.க்கோ விற்பனைக்கோ காரை மினுக்குவது ஊரறிந்த வழக்கம். தொழிலாளியை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. 'சீப்பா முடிச்சுக் குடுங்க' என்று கேட்டது யார்? சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது அதை மூடித் தடிமனாகப் பட்டி இருக்கிறது.

நாமே செய்தால் டிங்கரிங் கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்றும் கேட்பார்கள். என் கணிப்பில் அவருக்கு வேலை குறையாது, நல்ல வேலை வரும். முழுத் தரையும் போன பிறகு அவரிடம் கொண்டுபோனால் பேரம்தான் நடக்கும். உள்ளங்கை அளவில் கண்டுபிடித்து, "இந்த இடத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைங்க, பட்டி வேண்டாம்" என்று சொல்பவரிடம் அவர் தொழிலைக் காட்டலாம். கழிவு ஆயிலை என்ன செய்வது என்பதுதான் இதைவிடக் கனமான ஆட்சேபம். சாக்கடையில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், காருக்கடியில் துருவுக்கு மருந்தாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முதலாவது குற்றம். இரண்டாவது, ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மழையில் கழுவி மண்ணுக்கும் போகும். கேனில் பிடித்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் கடையில் கொடுக்க வழியில்லாதவர் ஆயிலை ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

பழைய காரை வைத்திருப்பதே சமூகத்துக்குக் கேடு என்று சொல்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995இல்தான். அதற்கு முந்தைய கார்பரேட்டர் கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கக்கும் நச்சு, இன்றைய காரைவிட மிக அதிகம். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வந்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது வெறும் பிடிவாதத்தால் அல்ல. தினமும் 50 கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுபவர் பழையதை விடுவதே சரி. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிற காருக்குக் கணக்கு வேறு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 190 லிட்டருக்குக் குறைவாகச் செலவாகும். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 430 கிலோ கரியமில வாயு. ஒரு டன் எஃகு உருவாகும்போதே சுமார் இரண்டு டன் வெளியேறுகிறது, புதுக் கார் என்பது எஃகோடும் நிற்பதில்லை. குறைவாக ஓடும் காரை அரிக்காமல் காப்பது, காலநிலைக் கணக்கில் வீணான வேலை இல்லை. நகரக் காற்றின் கணக்கில் கேடுதான், அதை மழுப்பக் கூடாது.

இதில் கார் ஒரு உதாரணமே. நம் கவனத்தை முழுக்க முழுக்கப் புகார்களிடம் குத்தகைக்கு விட்டுவிட்டோம். சத்தம் போடுவது எதுவோ அதற்கு நேரமும் காசும் கிடைக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போனில் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். புகார் இல்லை என்று வைத்துவிடுகிறோம். நேரில் போய்ச் சமையலறையில் அரைமணி நேரம் நின்றால்தான், கை எட்டாத அலமாரியில் எதுவும் எடுத்து மாதக்கணக்காகிறது என்பது தெரியும். காரைப் போய் இதோடு சேர்க்கலாமா என்று கோபப்படலாம். பொருளும் மனுஷியும் ஒன்றல்ல. பார்க்கப் போகும் பழக்கம் மட்டும் ஒன்று. கேட்டால்தான் கவனிப்பேன் என்பவர், கேட்கத் தெரியாததையும் கேட்கக் கூச்சப்படுபவரையும் ஒரே மாதிரிதான் கைவிடுகிறார்.

எல்லாக் காரையும் காப்பாற்றிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் பலவற்றின் மூடிய பெட்டிகளுக்குள் சேறு தங்கிவிட்டது, அங்கே எந்தக் கம்பியும் எட்டாது. சீட் பெல்ட் திருகியிருக்கும் இடத்திலோ சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்தக் காரைப் பட்டி பூசி இன்னொருவர் தலையில் கட்டாமல் உடைக்கக் கொடுத்துவிடுங்கள். மற்றக் கார்களுக்கு இன்னும் வழியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒரு காலையில் மேட்டைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள், வைப்பர் பள்ளத்துச் சருகை அள்ளுங்கள், நான்கு கதவுகளின் அடித்துளைகளையும் குத்தித் திறந்துவிடுங்கள்.