வசந்த விழாவும் பிறர் உள்ளமும்

பால்குன மாதத்துப் பூரணையை ஒட்டி வடநாட்டார் கொண்டாடும் ஹோலிப் பண்டிகை மிகப் பழமையுடையது. 7 ஆம் நூற்றாண்டில் அரசு புரிந்த ஹர்ஷன் இயற்றிய இரத்தினாவளி நாடகம், கௌசாம்பி நகர மாந்தர் வசந்த விழாவிலே வண்ணச் சுண்ணம் வீசி மகிழ்ந்த செய்தியைக் கூறுகின்றது. முதனாளிரவு ஹோலிகை எரிந்து பிரகலாதன் பிழைத்ததை நினைந்து தீ வளர்ப்பர். மறுநாள் வண்ணப் பொடியும் வண்ண நீரும் தூவி விளையாடுவர். காசியிலே அப்பூரணைக்கு முந்திய ஏகாதசியில், விசுவநாதர் கௌரியம்மையைத் தம் இல்லத்துக்கு அழைத்துவந்தார் என்று கூறி அடியார் வண்ணந்தூவுவர். நம் ஆலயங்களிலே தீர்த்தோற்சவத்திற் சுண்ணமிடித்தலும், மணிவாசகர் திருப்பொற்சுண்ணம் பாடியருளியதும் நோக்குமிடத்து, வண்ணமும் வாசமும் பத்திக்குப் புறம்பல்ல என்பது தெளிவாம்.

ஆயின், இவ்விழாப்பற்றி ஆராயத்தக்க வினா ஒன்று உண்டு. ஒருவர் மகிழ்ச்சி பிறரொருவர்க்குத் துன்பமாகுமிடத்து, அது மகிழ்ச்சி எனப்படுமா?

‘மனம் நோகற்க, இன்று ஹோலி’ என்று சொல்லிக்கொண்டு வண்ணம் பூசுதல் அந்நாட்டு வழக்கு. அதற்கு நியாயங் கூறுவார், “பெரியோர் சிறியோர், ஆண்டான் அடிமை என்னும் வேறுபாடுகள் ஒருநாளேனும் நீங்குதல் நன்றன்றோ?” என்பர். இக்கூற்றிற் பெரிதும் உண்மையுண்டு. வர்சானா என்னும் ஊரிலே, நந்தகிராமத்து ஆடவர் விளையாட வருவர். அவ்வூர்ப் பெண்டிர் கோல்கொண்டு அடிப்பர். ஆடவர் கேடயத்தாற் காத்துக்கொள்வர். அடிபடுவோர் தாமே விரும்பி வந்தவர்களாதலின் அது விளையாட்டேயாம். வழிச்செல்லும் பெண்ணொருத்தி வேண்டாவென்று விலகவும், அவள் முகத்திலே வலிந்து பூசுவது அத்தன்மையதன்று. மறுக்கும் உரிமை இல்லாவிடத்துச் சமத்துவமும் இல்லை. முன்னையது இருவர் மகிழ்ச்சி; பின்னையது ஒருவர் மகிழ்ச்சி; அதுவும் பிறர் நாணத்தின்மேல் நின்றது.

இனி, இதற்கு மறுதலையான குற்றமும் ஒன்று உண்டு. விருந்தாவனத்திலே கணவனையிழந்த பெண்டிர் பலர், பெரும்பாலும் வங்காளத்தினின்று வந்தோர், வெள்ளாடை உடுத்துப் பஜனை பாடிக் காலங்கழித்தனர். ஊர் முழுவதும் வண்ணம் பொழியும் நாளிலும் அவர்க்கு வண்ணம் விலக்கப்பட்டிருந்தது. 2013 ஆம் ஆண்டில் சுலப் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பினரின் முயற்சியால் அப்பெண்டிர் பலர் மலரும் வண்ணப்பொடியும் தூவி ஹோலி கொண்டாடினர். 2016 ஆம் ஆண்டிலே அது கோபிநாதர் கோயிலினுள்ளேயே நிகழ்ந்தது.

வேண்டாதார்மேல் வலிந்து பூசுதலும், வேண்டினார்க்கு மறுத்தலுமாகிய இரண்டும் வேறுவேறாகத் தோன்றினும், வேர் ஒன்றேயாம். எதிர்நிற்பவர்க்கும் ஓர் உள்ளம் உண்டென்று எண்ணாமையே அவ்வேர்.

இவ்வுண்மையைக் கந்தபுராணம் படிப்பிக்கும் நாம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். சனகாதியர்க்கு ஞானமுணர்த்தி யோகத்தில் அமர்ந்திருந்த சிவபெருமான்மேல் மன்மதன் எய்தது மலர்க்கணையே. தேவர்க்கு அதனால் ஆகவேண்டிய காரியமும் இருந்தது. ஆயினும், யோகத்திருப்பாரைக் கலைக்கப் புகுந்தமையின் அவன் நீறாயினன். மலராயினும் வேண்டாதார்மேல் எறியப்படின் அம்பேயாம். நோக்கம் நன்று என்பதும் அக்குற்றத்தை நீக்கவில்லை.

கதை அவ்வளவில் முடிந்ததோ? இல்லை. கணவனையிழந்து கதறிய இரதியின் வேண்டுகோளைப் பெருமான் செவிசாய்த்தருளினார். உமாதேவியாரின் திருக்கல்யாண காலத்திலே மன்மதனை எழுப்பி, அவள் கண்ணுக்கு மாத்திரம் புலப்படுமாறு அருள்செய்தார். காமன் எரிந்த இக்கதையையே தமிழ்நாட்டுக் காமன் பண்டிகையும், நம் மலையகத்தார் மாசித் திங்களில் ஆடும் காமன் கூத்தும் நினைவூட்டுகின்றன. கைம்மை எய்திய ஒருத்தியின் கண்ணீருக்கு இறைவனே திருமணப் பந்தரில் இரங்கியருளினார் என்று போற்றும் நாம், அவள் போன்றாரை மங்கலமில்லாதவரென்று மணப்பந்தரினின்று விலக்கி நிறுத்துதல் எந்நூல் விதித்த விதி?

வடநாட்டார் குறையைச் சொல்லி நாம் அமைந்துவிடுதல் தகாது. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடும்போரினால் வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த தாய்மார் எத்துணையர்! அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளிலே இருந்து கற்றவர்கள். பள்ளி விழாவிலே குத்துவிளக்கேற்ற அழைக்கும்பொழுது, அத்தாய் பின்வரிசையிற்றானே ஒதுங்கி நின்றதை நம்மிற் பலர் கண்டுள்ளோம். அவரை விலக்கினார் யார் என்று வினவின், ஒருவருமில்லை என்போம். அழைத்தார் யார் என்று வினவின், அதற்கும் ஒருவருமில்லை.

ஆதலின், சைவாசிரியர்களே, நாம் செய்யத்தக்கது பெரிதொன்றுமன்று. வரும் விஜயதசமியில் ஏடு தொடக்கும்பொழுது அத்தாயையும் அருகழைத்து, “அம்மா, பிள்ளையின் கையை நீங்களும் பிடியுங்கள்” என்று சொல்வோமாக. அவர் விரும்பி வரின் மகிழ்வோம். நாணி மறுப்பின் வற்புறுத்தாது, மறுமுறையும் அழைப்போம். மாணாக்கர் அதனைக் காண்பர். ஒழுக்கம் நூலிற் படித்தறிவதினும் கண்டறிவதே மிகுதி.

மேன்மைகொள் சைவநீதி விளங்குவதாக.